உடைந்த தொடை எலும்புக்கு ஒன்றேகால் லட்சம்: எங்கே கொடுப்பது?

எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர். வருடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு முடிந்ததைப் போட்டு, யாராவது ஒருவருடைய மருத்துவச் செலவுக்குக் கொடுத்து வருகிறோம். இந்த முறை சேர்ந்தது 1,25,000 ரூபாய். டாலரில் 1,400 சொச்சம். இதுவரை உள்ளூரில்தான் கொடுத்திருக்கிறோம். பேச்சு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி வரைக்கும் போனதற்குக் காரணம் ஒரு போன் கால். எங்களில் ஒருவருடைய மகன் அங்கே முலாஞ்சே மலையடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேலை பார்க்கிறான்.

தோட்டத்து ஆட்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விடுகிற ஒருவரைப் பற்றிச் சொன்னான். இந்தச் சைக்கிள் டாக்சிக்கு அங்கே கபாசா என்று பெயர். டிசம்பர் மழையில் லாரி உரசி விழுந்து, அவருக்கு வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலில் வெயிட் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ. "பணம் அனுப்பினா ஆபரேஷன் பண்ணிடலாமா மாமா?" என்று கேட்டான்.

உடனே ஆமாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் விசாரிக்க விசாரிக்க, பணத்தை எந்த வழியில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஒரு காலை நிமிர்த்தவும் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் போகலாம் என்று தெரிந்தது. இரண்டு மாதம் எல்லோரும் படித்தும் கேட்டும் சேர்த்ததை இங்கே வைக்கிறேன். இதுபோல் கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவும்.

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கமிஷன் மண்டியில் மூட்டை தூக்கியவர். 1983இல் லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். ஒன்பது வாரம் ஆஸ்பத்திரி. கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, காலில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் மணல் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தம்பியும் போய் அந்தப் பை தரையில் இடிக்காமல் தொங்குகிறதா என்று பார்ப்போம். எலும்பு கூடியது. ஆனால் கால் ஒரு அங்குலம் குட்டை. முழங்கால் முழுதாக மடங்கவில்லை. அதற்கப்புறம் அவர் மூட்டை தூக்கவே இல்லை, அதே மண்டி வாசலில் வாட்ச்மேன் ஆனார். அம்மா அந்த ஒன்பது வாரமும் வார்டுத் தரையில் படுத்தாள். அடகு வைக்க வீட்டில் இருந்ததெல்லாம் அப்போதே போனது.

சரி, முதலில் வைத்தியத்தைப் பார்த்துவிடலாம். தொடை எலும்பு உடைந்தால் மலாவியில் ஒரு கூலித் தொழிலாளிக்கு நடக்கக்கூடியவை மூன்று. நாட்டு வைத்தியர், வெயிட் கட்டு, ராடு.

நாட்டு வைத்தியர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நம் ஊரில் புத்தூர் கட்டுக்குப் போகிறவர்கள் என்ன காரணத்துக்காகப் போகிறார்களோ அதே காரணங்கள்தான்: பக்கத்தில் இருக்கிறார், நம் மொழி பேசுகிறார், கத்தி வைக்க மாட்டார். மணிக்கட்டு முறிவு போன்றவற்றில் பலருக்குச் சரியாகியும் விடுகிறது. தொடை அப்படியில்லை. உடலிலேயே பெரிய தசைகள் அங்கே இருக்கின்றன. எலும்பு உடைந்ததும் அவை இரண்டு துண்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துவிடும். மூங்கில் பத்தையும் துணியும் அந்த இழுப்பைத் தாங்காது. இறுக்கிக் கட்டினாலோ ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும் ஆபத்து. இதை ஒதுக்கிவிடுகிறேன்.

வெயிட் கட்டு அப்படி ஒதுக்கக்கூடியதில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்தி, அதில் கயிறு பூட்டி, எடையைத் தொங்கவிட்டுத் தசையின் இழுப்புக்கு எதிர் இழுப்புக் கொடுப்பது. பெர்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயரில் உள்ள முறையில், நோயாளி படுக்கையிலேயே முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்வார். எப்போதும் நேராக நீட்டி வைப்பதைவிட இது மேல். மலாவியில் இதுதான் வெகுகாலமாக நடைமுறை. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். டாக்டர்கள்கூட இல்லை. எலும்பு முறிவுக்கென்றே பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்கள். 1985 முதல் அந்த நாடு இவர்களை உருவாக்கி வருகிறது. எலும்பு டாக்டர்களை விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்டில் மாவட்ட ஆஸ்பத்திரிகளைத் தாங்குவது இவர்கள்தான். உடம்பைத் திறக்காததால் எலும்புக்குள் சீழ் பிடிக்கும் ஆபத்துக் குறைவு. ஆபரேஷன் தியேட்டர் சுத்தமாக இல்லாத, தண்ணீரும் கரண்டும் வந்து வந்து போகிற இடத்தில், மோசமாகச் செய்த ஆபரேஷனைவிட ஒழுங்காகக் கட்டிய வெயிட் எவ்வளவோ மேல்.

அதன் விலை நாட்களில் இருக்கிறது. ஆறு வாரம் குறைந்தபட்சம். அசையாமல் படுத்திருப்பதால் படுக்கைப் புண், ரத்தக் கட்டு. எலும்பு கோணலாகக் கூடுவதும், குட்டையாவதும், முழங்கால் இறுகுவதும் வேறு.

ராடு என்பது தொடை எலும்பின் நடுவில் உள்ள மஜ்ஜைக் குழாய்க்குள் நீளமான உலோகத் தண்டைச் செலுத்தி இரு பக்கமும் ஸ்க்ரூ போடுவது. கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் கொண்டுவந்தது. நன்றாக அமைந்தால் சில நாட்களில் ஊன்றுகோலோடு எழுந்துவிடலாம். வசதியான நாடுகளில் பெரியவர்களுக்குத் தொடை எலும்பு உடைந்தால் வேறு பேச்சே கிடையாது, ராடுதான். பிறகு ஏன் மலாவியில் எல்லோருக்கும் அது இல்லை? முதல் காரணம் ராடின் விலை. அந்த நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதக் கூலியே 100 டாலரைத் தொடுவதில்லை. அடுத்தது சி-ஆர்ம். ராடின் கீழ்முனையில் உள்ள ஓட்டைக்கு நேராக ஸ்க்ரூ போட, ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டுகிற இந்த மெஷின் வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் அது இல்லை, இருந்தாலும் ரிப்பேர்.

இந்த இரண்டு தடையையும் சேர்த்து உடைத்தது சைன் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம். லூயிஸ் சிர்க்கிள் என்ற எலும்பு டாக்டர் வியட்நாம் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். 1999இல் வாஷிங்டன் மாநிலத்தில் ரிச்லாண்ட் என்ற ஊரில் இதைத் தொடங்கினார். அவர்கள் ராடோடு ஒரு நீண்ட உலோகக் கை வரும். அதை வெளியே பொருத்தினால் உள்ளே ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை அது வெளியே காட்டும். மிச்சத்தை டாக்டர் கைப்பதத்தால் தடவிக் கண்டுபிடிப்பார். சி-ஆர்ம் தேவையில்லை. ராடும் ஸ்க்ரூவும் ஏழை நோயாளிகளுக்கு இலவசம். 50க்கும் மேற்பட்ட நாடுகளில் 3 லட்சம் பேருக்கு மேல் இப்படிச் செய்திருக்கிறார்கள். மலாவியின் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இந்த ராடுதான்.

எங்கள் கணக்காளர் நண்பருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆபரேஷன் செலவு அதிகம், வெயிட் கட்டு மலிவு, அதே பணத்தில் பத்துப் பேரைக் கவனிக்கலாமே என்று. மலாவியிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிளான்டயர் நகரில் உள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் நடந்த ஆய்வில், வாரக்கணக்கில் பிடிக்கும் கட்டில், சாப்பாடு, ஆள் செலவு எல்லாம் சேர்த்தால் வெயிட் கட்டு மலிவு என்பது நிற்கவில்லை. வீட்டில் நின்றுபோன கூலி அதற்குமேல் தனி. அவர் அதைப் படித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஆக, நல்ல தியேட்டர் இருக்கிற இடத்தில் ராடு. அதில் எங்களுக்குள் பேதம் இல்லை. பேதம் வந்தது பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில்.

ஒரு வழி, ஒரு நோயாளியின் ஆபரேஷன் பில்லைக் கட்டுவது. வாட்சி என்ற தளம் இதற்குப் பேர் போனது. சேஸ் ஆடம் என்பவர் கோஸ்டாரிகாவில் பஸ்ஸில் போகும்போது, மகனின் சிகிச்சைக்குப் பணம் கேட்டு ஒரு பெண் ஏறினாராம். பஸ் அப்போது கடந்த ஊரின் பெயர் வாட்சி. 2012இல் தளம் தொடங்கியது. நோயாளியின் படம், என்ன தொழில், எப்படி அடிபட்டது, எவ்வளவு செலவு எல்லாம் இருக்கும். 5 டாலரிலிருந்து கொடுக்கலாம். கொடுக்கிற பணம் முழுதும் சிகிச்சைக்கே போகிறது, அலுவலகச் செலவுக்குத் தனியாக நிதி திரட்டுகிறார்கள். கென்யாவில் மிஷன் ஆஸ்பத்திரிகளில் கால் உடைந்து கிடக்கும் பைக் டாக்சிக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், விவசாயக் கூலிகள் எத்தனையோ பேர் இதில் நிமிர்ந்திருக்கிறார்கள்.

எங்களில் பாதிப் பேர் உடனே இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். புரிகிறது. முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது, நடந்தால் தகவல் வருகிறது. ஒரு அக்கா சொன்னார், "நான் கொடுத்த காசு ஒருத்தர் காலா நிக்கணும். கம்பியா இருந்தா எனக்குத் தெரியாது." அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்கிறவர் மனசு ஈடுபட்டால்தான் அடுத்த வருடமும் கொடுப்பார்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் அந்த ஆளுக்கு ஆபரேஷன் நடந்திருக்காதா? இதுபோன்ற தளங்களில் சில சமயம் சிகிச்சை முதலில் நடந்துவிடும். நன்கொடை சேர்ந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பணம் போகும். உடைந்த காலை வைத்துக்கொண்டு நிதி சேரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் அது நியாயமான ஏற்பாடுதான். கடன் கொடுக்கும் கிவா தளத்தைப் பற்றி 2009இல் டேவிட் ரூட்மன் என்ற ஆய்வாளர் இதே மாதிரி ஒன்றை எழுதி விவாதம் எழுந்தது: படத்தில் பார்க்கும் ஆளுக்குக் கடன் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று. அதில் மோசடி ஒன்றும் இல்லை. நம் பணம் படத்தில் இருக்கும் ஆளைவிட அவருக்கு அடுத்து வாசலில் வரும் ஆளுக்குத்தான் கதவைத் திறக்கிறது. அந்த அளவுக்குப் புரிந்து கொடுத்தால் போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் எனக்கு வேறு. எங்கே அடைத்திருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. கென்யாவின் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், ராடு இருக்கிறது, தியேட்டர் இருக்கிறது. தொழிலாளி பில் கட்ட முடியாமல் கவுண்டரில் நிற்கிறார். அங்கே பில்லைக் கட்டினால் கதவு திறந்துவிடும். மலாவியில் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். கவுண்டரில் யாரும் நிறுத்துவதில்லை. அந்தச் சைக்கிள்காரர் படுத்திருப்பது பில் கட்டாததால் இல்லை. ராடு வைக்கிற இடத்துக்கு அனுப்பினாலும் அங்கே தியேட்டர் முறைக்கு வரிசை, சில சமயம் சரியான அளவில் ராடு இல்லை, சில சமயம் மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. அந்த ஒருவருக்கென்று நாம் 1,400 டாலர் அனுப்பினால், தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம். அல்லது வரிசையில் முன்னால் தள்ளலாம். தள்ளினால் பின்னால் போகிறவரும் ஒரு கூலித் தொழிலாளியே.

பையனிடம் இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் வருத்தமாக இருந்தது.

இரண்டாவது வழி ராடுக்கே கொடுப்பது. சைன் நிறுவனத்தின் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கணக்கு வைக்கும் முறை. ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் எக்ஸ்ரே படங்களையும் விவரங்களையும் அவர்கள் இணையப் பதிவில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் செலவான ராடுக்குப் பதில் புது ராடு வரும். அதனால் பொருள் அலமாரியில் தூங்கவோ வெளியே விற்கவோ வாய்ப்புக் குறைவு. ஏற்றிய படங்களைப் பார்த்து அனுபவசாலி டாக்டர்கள் திருத்தமும் சொல்கிறார்கள். மலாவிக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. 2023 நவம்பரில் அந்த நாடு தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பை 44 சதவீதம் குறைத்தது. ஒரே நாளில், வெளிநாட்டிலிருந்து வாங்கும் எதுவும் எட்டாத விலைக்குப் போய்விடும். பொருளாகவே வந்து சேரும் ராடை அது பாதிக்காது.

குறையும் உண்டு. ராடு இருந்தும் தியேட்டர் இல்லாவிட்டால் பயனில்லை. கொடுத்த நமக்கு முகம் எதுவும் தெரியாது, ஆண்டு அறிக்கை வரும், அவ்வளவுதான். நாம் அனுப்புவது மலாவிக்கேதான் போகும் என்ற உறுதியும் கிடையாது, தேவைப்படும் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போகும். எனக்கு அதில் குறையில்லை.

மூன்றாவது, ஆட்களை உருவாக்குவது. கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து 1999இல் கொசெக்சா என்ற அறுவை மருத்துவக் கல்லூரி அமைப்பைத் தொடங்கின. அதில் டாக்டர்கள் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்துகொண்டு அறுவைச் சிகிச்சை படிக்கிறார்கள். நீண்ட காலத்தில் இதைவிடச் சிறந்த செலவு இல்லை. 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த குழு, உலகில் 500 கோடி பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவைச் சிகிச்சை எட்டவில்லை என்று சொன்னது. அந்தப் பள்ளத்தை ஆட்கள் இல்லாமல் மூட முடியாது. ஆனால் ஒன்றேகால் லட்சம் அங்கே கடலில் கரைத்த பெருங்காயம். பெரிய தொகை உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். வெளிநாட்டு டாக்டர் குழு இரண்டு வாரம் வந்து போவதற்குக் கொடுப்பது பற்றியும் பேசினோம். எலும்பு முறிவு இன்றைக்கு வந்து நாளைக்குள் பார்க்க வேண்டியது, குழு வரும் தேதிக்குக் காத்திருக்காது. அதை விட்டுவிட்டோம்.

நான்காவது வழியைப் பட்டியலில் சேர்த்தது நான். மலாவி ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கியே ஆக வேண்டும். கார்டியன் என்கிறார்கள். சமைப்பது, துவைப்பது, மலஜலம் எடுப்பது, மருந்து வாங்க ஓடுவது எல்லாம் அவர் பாடு. ஆக ஒரு எலும்பு உடைந்தால் இரண்டு பேர் வேலை நின்றுபோகிறது. அதுவும் எப்போது? மக்காச்சோளம் மழையோடு நவம்பர், டிசம்பரில் விதைத்து ஏப்ரல் வாக்கில் அறுப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பழைய தானியம் தீர்ந்து, புதுசு வராத பஞ்ச மாதம். அந்த மாதங்களில் மற்றவர் நிலத்தில் கன்யு என்கிற அன்றாடக் கூலிக்குப் போய்த்தான் ஏழைகள் மாவு வாங்குகிறார்கள். டிசம்பரில் கணவன் படுக்கையில், மனைவி அவர் பக்கத்தில் என்றால், சொந்த நிலத்தில் களை எடுக்க ஆளில்லை, கன்யுவுக்குப் போகவும் ஆளில்லை. அடுத்த வருட விளைச்சலும் சேர்ந்து உடைகிறது. சிகிச்சை இலவசம் என்ற சொல்லுக்குள் இது எதுவுமே வராது. அதே லான்செட் குழு, அறுவைச் சிகிச்சைக்கான பில்லால் வருடம் 3.3 கோடி பேர் நொடிந்துபோகிறார்கள் என்றும், பஸ், சாப்பாடு போன்ற வெளிச்செலவால் நொடிகிறவர்கள் இன்னும் 4.8 கோடி என்றும் கணக்கிட்டது. வெளிச்செலவுதான் அதிகம் பேரைச் சாய்க்கிறது. அம்மா அடகு வைத்ததும் பில்லுக்காக இல்லை.

இந்த வழியில் தொல்லை, இதற்கென்று நல்ல அமைப்பு எங்கள் கண்ணில் படவில்லை. ஊரில் நேரடியாகப் பணம் கொடுக்கும் கிவ்டைரக்ட்லி மலாவியில் வேலை செய்கிறது, ஆனால் அது கால் உடைந்தவர்களுக்கென்று கொடுப்பதில்லை. தெரிந்த ஆள் மூலம் மொபைல் பணமாகக் கொடுத்தால் சேரும், ஆனால் ரசீது இருக்காது, ஒரு இளைஞன் தலையில் நம் பொறுப்பு ஏறும். இதனால் இதைச் சிறிய தொகைக்கு மேல் கொண்டுபோக எனக்கும் தைரியம் வரவில்லை.

கடைசியில் எங்கள் முடிவு இது. 75,000 ரூபாய் ராடுக்கு. 30,000 கென்யாவில் பில்லில் நிற்கும் தொழிலாளிகளுக்கு, வாட்சி போன்ற தளம் வழியாக. அதை அந்த அக்காவே தேர்ந்தெடுத்து அனுப்பினார். மிச்சம் 20,000 பையன் வழியாக: சைக்கிள்காரர் வீட்டுக்கு மக்காச்சோளம், களை எடுக்கக் கூலி ஆள், மனைவிக்குப் பஸ் காசு, ஊன்றுகோல், வீடு திரும்பிய பிறகு செக்கப்புக்குப் போகிற காசு. எதற்கு எவ்வளவு என்பதை அந்த மனைவியிடமே கேட்டுப் போடச் சொன்னோம். மாவு முதலில் வேண்டாம், களைக்கு ஆள்தான் முதலில் வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இங்கே உட்கார்ந்துகொண்டு நாங்கள் எழுதியிருந்தால் அரிசி மூட்டை மாதிரி மாவு மூட்டையைத்தான் முதலில் எழுதியிருப்போம்.

உங்கள் கையில் இருப்பது ஆயிரம், இரண்டாயிரம் என்றால் இப்படிப் பிரிக்க வேண்டாம். ஒரே இடத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் கார்டு கட்டணமே தின்றுவிடும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்து வையுங்கள். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது, அதை எண்ணிக் கொடுக்காதீர்கள். உறவினர் மூலம் ஒரு குறிப்பிட்ட நோயாளியைப் பற்றித் தெரியவந்தால், பணம் அனுப்பும் முன் அவர் வார்டில் யாரையாவது ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: இவருக்கு எது இல்லாமல் நிற்கிறது? பில்லா, ராடா, தியேட்டரா, பஸ் காசா?

சைக்கிள்காரருக்கு ராடு கிடைக்கவில்லை. வெயிட் கட்டிலேயே ஏழாவது வாரம் எலும்பு கூடத் தொடங்கிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள். கால் நேராகத்தான் இருக்கிறதாம். சைன் ராடு வைத்தவர்களைப் பரிசோதிக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். நோயாளியைத் தரையில் குத்தவைத்து உட்காரச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, ஒரு போட்டோ எடுப்பார்கள். முழங்கால் முழுதாக மடங்குகிறதா, வலி இருக்கிறதா என்பது அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும். ராடு இல்லாவிட்டாலும் இவரையும் ஏப்ரலில் அறுப்பு முடிந்ததும் அப்படி உட்காரச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவால் கடைசி வரை அப்படி உட்கார முடியவில்லை.